காலணாச் சாமானுக்காகப் பெட்டியை எறிவதா?

அமெரிக்காவில் ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் பரணைச் சுத்தம் செய்கிறார். பழைய துணி மூட்டைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி கிடைக்கிறது. செங்கல் போலக் கனமான பெட்டி. நடுவிலே சின்னத் திரை.

அவர் முகம் மலர்கிறது. சிறுவனாக இருந்தபோது பிறந்த நாளுக்காக அவருக்குக் கிடைத்த விளையாட்டுப் பெட்டி அது. 'கேம் கியர்' என்று பெயர்.

மகனைக் கூப்பிடுகிறார். 6 பேட்டரிகளைப் போடுகிறார். சுவிட்சைத் தள்ளுகிறார்.

விளக்கு எரிகிறது. திரையிலும் வெளிச்சம் வருகிறது. ஆனால் படம்?

பனிமூட்டத்துக்குள் ஏதோ அசைவதுபோல் தெரிகிறது. பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் கொஞ்சம் தெரிகிறது. நேராகப் பிடித்தால் மறைந்துபோகிறது. சத்தமோ அறவே இல்லை.

"பழசாகிவிட்டது. இனி உதவாது" என்கிறார் அப்பா. பெட்டி குப்பைத் தொட்டிக்குப் போகிறது. மகன் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான்.

இது பல வீடுகளில் நடக்கக்கூடிய காட்சிதான். ஆனால் அந்த அப்பா செய்தது தவறு. பெட்டி சாகவில்லை. அதற்குள் இருக்கும் சில சின்னச் சாமான்கள்தான் கெட்டுப்போயின. ஒவ்வொன்றும் சில காசு பெறும். அவ்வளவுதான்.

இது அவருக்கு ஏன் தெரியவில்லை? யாரும் சொல்லவில்லை. அதுதான் இங்கே வழக்கு.

தொட்டியும் குழாயும்

கேம் கியரைச் செய்தது ஜப்பானிலுள்ள சேகா கம்பெனி. 1990ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போயிற்று. அப்போது சந்தையில் கொடிகட்டிப் பறந்த நின்டெண்டோ கம்பெனியின் 'கேம் பாய்' பெட்டியில் வண்ணம் கிடையாது. கேம் கியரில் வண்ணப் படம் தெரியும். பிள்ளைகள் விடுவார்களா? ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் விற்றன.

இன்றோ, உள்ளே கை வைத்துப் பழுது பார்க்காத கேம் கியர் ஒன்று ஒழுங்காக வேலை செய்தால் அது அதிசயம்.

காரணம், கண்டென்சர்.

இந்தப் பெயர் நம் வீடுகளில் எல்லோரும் கேட்டதுதான். மின்விசிறி மெல்லச் சுற்றினால், "கண்டென்சர் போய்விட்டது. மாற்ற வேண்டும்" என்பார் எலெக்ட்ரீஷியன். அதே இனத்தைச் சேர்ந்த சின்னச் சாமான்கள்தான் விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் இருக்கின்றன. இப்போது கெப்பாசிடர் என்றும் சொல்கிறார்கள்.

அதன் வேலை என்ன? வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். தெருக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். ஆனால் தொட்டியில் தேக்கிவைத்தால் வீட்டுக்குள் சீராக வரும். கண்டென்சரும் அப்படித்தான். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்து, மேடு பள்ளம் இல்லாமல் மற்றச் சாமான்களுக்குக் கொடுக்கிறது.

கேம் கியருக்குள் இருப்பவை பட்டாணி அளவுள்ள அலுமினிய டப்பாக்கள். ஒரு பெட்டியில் பதினைந்து, இருபது இருக்கும். ஒவ்வொரு டப்பாவுக்குள்ளும் மெல்லிய அலுமினியத் தகட்டையும் காகிதத்தையும் சேர்த்துப் பாய்போல் சுருட்டிவைத்திருக்கிறார்கள். அந்தக் காகிதம் ஒரு ரசாயன நீரில் ஊறியிருக்கும். நீர் வெளியே வராமலிருக்க அடியில் ரப்பர் அடைப்பு.

ஆண்டுகள் ஓடினால் அந்த அடைப்பு விட்டுப்போகிறது. நீர் கசிகிறது. தொட்டியும் வற்றிப்போகிறது. கசிந்த நீர் சும்மா இருப்பதில்லை. பலகையில் ஓடும் செம்புக் கோடுகளைத் தின்னத் தொடங்குகிறது.

சேகாவை மட்டும் குறை சொல்வது சரியல்ல. பலகையின் மேலேயே ஒட்டி வைக்கும் இந்த வகைக் கண்டென்சர், அந்த நாளில் புது வரவு. அதே காலத்தில் ஆப்பிள் கம்பெனி செய்த மாக்கின்டாஷ் கம்ப்யூட்டர்களிலும், கொமோடோர் கம்பெனியின் அமிகா கம்ப்யூட்டர்களிலும் இதே நோய் வந்தது.

மீன் நாற்றம்

எந்தக் கண்டென்சர் கெட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேம் கியருக்குள் மூன்று பலகைகள் உண்டு. ஒன்று பெரியது, படத்தையும் விளையாட்டையும் கவனிப்பது. இன்னொன்று மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. மூன்றாவது, சத்தத்துக்கானது. ஆகவே நோயின் குறியே பாதி வழி காட்டிவிடும். படம் மங்கினால் பெரிய பலகை. சத்தம் இல்லை என்றால் சின்னது. சுவிட்சைப் போட்டதும் எரிந்து உடனே அணைந்தால் மின்சாரப் பலகையை முதலில் பார்க்க வேண்டும்.

பிறகு கண்ணுக்கு வேலை. நல்ல ஈயப் பற்று பளபளவென்று இருக்கும். நீர் கசிந்த இடத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் மங்கியிருக்கும். பக்கத்துச் செம்பில் பச்சை படர்ந்திருக்கும். ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். டப்பாவின் மேல்பக்கம் புதிதுபோல் மின்னும். கசிவு அடியில் ஒளிந்திருக்கும்.

அங்கேதான் மூக்கு உதவுகிறது. கெட்ட கண்டென்சரின் காலில் சூடான சால்டரிங் அயர்னை வைத்தால் அழுகிய மீன் நாற்றம் குப்பென்று வரும். இந்த நாற்றம் பழுது பார்ப்பவர்களுக்கு நன்கு பழகிய ஒன்று. முகம் சுளித்தாலும் உள்ளுக்குள் மகிழ்ச்சிதான். திருடன் அகப்பட்டுவிட்டான் அல்லவா?

சந்தேகம் தீரவில்லை என்றால் மீட்டர் இருக்கிறது. கண்டென்சரைக் கழற்றி மீட்டரில் வைத்தால் எவ்வளவு தேக்கும் சக்தி மிச்சம் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். கண்டென்சர் என்ற பேரைக் கேட்டதும், எந்தப் பெட்டி கையில் கிடைத்தாலும் எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிது போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இது வீண் வேலை. கேம் கியரில் எல்லாவற்றையும் மாற்றுவது நியாயம். ஒன்று கசிந்தால் மற்றவையும் அதே வயதுடையவை. ஆனால் எல்லாப் பெட்டியும் கேம் கியர் ஆகுமா?

நின்டெண்டோ கம்பெனி 1985ல் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணையும். படம் வராது. குற்றவாளி பெரும்பாலும் கண்டென்சர் அல்ல. கேம் கேசட்டைச் செருகும் இடத்தில் 72 ஊசிகள் கொண்ட ஒரு பிடி இருக்கிறது. அது தளர்ந்துபோய்க் கேசட்டைச் சரியாகத் தொடாது. அதுதான் கோளாறு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் கேசட்டுக்குள் வாயால் ஊதி ஊதிச் செருகினார்கள். மூச்சிலுள்ள ஈரம் ஊசியைக் கெடுத்ததுதான் மிச்சம்! ஊதாதீர்கள் என்று கம்பெனியே சொல்லிப் பார்த்தது. எந்தப் பிள்ளை கேட்கும்?

நோயைக் கண்டுபிடிக்காமல் மருந்து கொடுப்பது வைத்தியமல்ல.

இழுத்தால் போச்சு

மாற்றுவதில் முக்கியமானது பொறுமை. கெட்ட கண்டென்சரைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் அது ஒட்டியிருக்கும் செம்புத் தகடும் கூடவே உரிந்து வந்துவிடும். பலகைக்கு அது பெரிய காயம். ஒரு காலைச் சூடாக்கி, மறு காலைச் சூடாக்கி, ஈயம் இளகியபின் மெல்ல நகர்த்த வேண்டும். பிறகு கசிந்த நீரின் கறை கொஞ்சம்கூட இல்லாமல் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்க வேண்டும். துடைக்காமல் புதியதை வைத்தால் பழைய விஷம் அடியிலே இருந்துகொண்டு அரிக்கும்.

புதிய கண்டென்சர் வாங்கும்போது அதில் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று மைக்ரோஃபாரட் கணக்கு. தொட்டியின் கொள்ளளவு போன்றது. அது பழையதில் இருந்தபடியே இருக்க வேண்டும். இன்னொன்று வோல்ட். அது பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். குறையக் கூடாது.

அடுத்தது, திசை. இந்தக் கண்டென்சருக்கு நேர்ப் பக்கம், எதிர்ப் பக்கம் உண்டு. மாற்றிப் போட்டால் கெட்டுவிடும். அலுமினிய டப்பாவின் தலையில் கறுப்புக் கோடு இருந்தால் அது எதிர்ப் பக்கம். சிலர் அதற்குப் பதிலாக டான்டலம் என்னும் உலோகத்தால் செய்த கண்டென்சரைப் போடுவார்கள். அதில் நீர் இல்லை, கசியாது. நல்லதுதான். ஆனால் அதிலும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு நேர்ப் பக்கத்தைக் காட்டுவது! இரண்டிலும் கோடு, இரண்டுக்கும் அர்த்தம் தலைகீழ். இது தெரியாமல் போட்டுப் புகை கிளப்பியவர்கள் உண்டு.

பிள்ளைகள் தனியாக இந்த வேலையில் இறங்கக் கூடாது. பெரியவர் கூட இருக்க வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கேம் கியரின் திரைக்குப் பின்னால் இருக்கும் குழல் விளக்கு உயர்ந்த வோல்ட்டில் எரிவது. பெட்டி ஓடும்போது அதன் பக்கம் விரல் போகக் கூடாது. ஈயப் புகை மூக்கில் ஏறாமல் ஜன்னலைத் திறந்துவைப்பதும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும் அவசியம். வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டிகளின் பவர் சப்ளைப் பகுதியைத் தொழில் தெரிந்தவரிடமே விட்டுவிடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் அடி கொடுக்கும் மின்சாரம் தேங்கி நிற்கும்.

மறைத்து வைத்த திருகாணி

மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் முதல் 'எக்ஸ்பாக்ஸ்' 2001 நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்தது. அதன் பலகையில் ஒரு கண்டென்சர், கடிகாரத்துக்காக மட்டும் வைக்கப்பட்டது. பிளக்கைப் பிடுங்கினாலும் சில மணி நேரம் கடிகாரம் ஓட வேண்டும். அதற்காக.

அதுவும் கசிகிறது. பக்கத்துச் செம்புக் கோடுகளை அரிக்கிறது. கடைசியாக வந்த 1.6 என்னும் மாதிரியில் மட்டும் வேறு வகைக் கண்டென்சர். அதைத் தொட வேண்டாம். அதற்கு முந்திய பெட்டிகளில் இதைக் கழற்றி எறிந்துவிட்டால் போதும். பதிலுக்கு ஒன்றும் வைக்காவிட்டாலும் பெட்டி ஓடும்! பிளக்கைப் பிடுங்கிய பிறகு கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் நஷ்டம்.

ஆனால் பெட்டியின் சொந்தக்காரருக்கு இது எப்படித் தெரியும்? வெளியே ஓர் அறிகுறியும் இராது. ஒருநாள் சுவிட்சைப் போட்டால் பெட்டி எழுந்திருக்காது. திறந்து பார்க்கலாம் என்றால் திருகாணிகளைக் காணோம். அடியிலுள்ள ரப்பர் கால்களுக்குள்ளும் ஒட்டியிருக்கும் சீட்டுக்குக் கீழேயும் அவை ஒளிந்திருக்கின்றன. சேகாவும் நின்டெண்டோவும் முன்பு வேறு வழி கண்டார்கள். சாதாரண ஸ்குரு டிரைவருக்குப் பிடிபடாத விசேஷத் தலை கொண்ட திருகாணிகளைப் போட்டார்கள்.

பழைய வால்வு ரேடியோக்களில் என்ன செய்தார்கள்? எந்த வால்வு எங்கே இருக்கிறது என்ற படத்தைப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிக் கொடுத்த கம்பெனிகள் பல. ஒரு காலத்தில் சீட்டு ஒட்டியது வழி காட்ட. பிறகு சீட்டு ஒட்டியது வழியை மறைக்க.

எந்தக் கண்டென்சர் எங்கே, எத்தனை மைக்ரோஃபாரட் என்ற விவரம் பெட்டியோடு கொடுத்த புத்தகத்தில் இல்லை. ஆர்வமுள்ளவர்கள் தாங்களே திறந்து, பார்த்து, எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அப்படித்தான் இந்த அறிவு பரவியது.

சட்டம் விட்டுவைத்த பெட்டி

பணம் கொடுத்து வாங்கிய பொருளைப் பழுது பார்க்க உரிமை வேண்டும் என்ற கோரிக்கை அமெரிக்காவில் வலுத்துவருகிறது. சில மாநிலங்கள் சட்டமும் செய்துவிட்டன. கலிபோர்னியா சட்டம் 2023ல் கையெழுத்தாகி 2024 ஜூலையில் அமலுக்கு வந்தது. 100 டாலருக்குக் குறையாத மின்சாதனங்களுக்கு, கடைசியாகச் செய்த நாளிலிருந்து 7 ஆண்டுகள் வரை உதிரிச் சாமானும் கருவியும் விவரப் புத்தகமும் கொடுக்க வேண்டும் என்கிறது அது. டெலிபோனுக்கு உண்டு. துணி துவைக்கும் யந்திரத்துக்கு உண்டு.

விளையாட்டுப் பெட்டிக்கு இல்லை!

ஆம், பெயர் சொல்லி விலக்கி வைத்துவிட்டார்கள். 2023ல் மினசோட்டா செய்த சட்டத்திலும் அப்படியே. 2024ல் ஆரெகன் செய்த சட்டத்திலும் அப்படியே.

ஏன் இந்தச் சலுகை? கம்பெனிகள் சொல்லும் காரணம், திருட்டு. பெட்டியைத் திறக்க வழி சொன்னால் விளையாட்டுகளைக் காசு கொடுக்காமல் நகல் எடுத்து ஆடுவார்களாம்.

இந்தப் பயத்தை முழுக்கப் பொய் என்று தள்ள முடியாது. நகல் திருட்டு உண்மையாகவே நடந்திருக்கிறது. ஒரு விளையாட்டைச் செய்யப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள். அவர்கள் உழைப்பைத் திருடுவது குற்றம்தான்.

ஆனால் கசிந்த கண்டென்சரை மாற்றுவதில் என்ன திருட்டு? தளர்ந்த ஊசியை மாற்றினால் யார் சொத்து பறிபோகிறது? வீட்டுக்குத் திருடன் வருவான் என்று பயந்து, வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திப் பூட்டுவதா?

அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் 2021 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பழுது பார்ப்பதைத் தடுக்கக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அதில் கூறியிருக்கிறது. அதற்கும் முன்பே, 2018 ஏப்ரலில் அதே கமிஷன் ஆறு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றும் அந்த ஆறில் அடக்கம். 'இந்தச் சீட்டைக் கிழித்தால் உத்தரவாதம் போய்விடும்' என்பதுபோல் மிரட்டுவது 1975ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விரோதமாகலாம் என்பதே கடிதத்தின் சாரம்.

கேம் கியர் போன்ற கிழப் பெட்டிக்குப் புதுச் சட்டம் எதற்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதற்கு ஒரு சட்டமும் வேண்டாம். பொறுமையுள்ள கை போதும். பயமெல்லாம் இன்றைய பெட்டிகளைப் பற்றித்தான்.

கேம் கியரில் கெட்டதைக் கழற்றி நல்லதை வைத்தால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். 'எக்ஸ்பாக்ஸ் 360' பெட்டியில் டிஸ்க் ஓட்டும் பகுதி கெட்டு, அதேபோன்ற வேறொன்றை வைத்தால் ஏற்காது. ஒவ்வொரு டிஸ்க் பகுதிக்கும் அதன் பலகைக்கும் நடுவே ஒரு ரகசிய எண் இருக்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் விளையாட்டு ஓடாது. சாமான் நல்லதுதான், வேலையும் செய்யும். ஆனால் பெட்டி, 'நீ யார்?' என்று கேட்கிறது.

2021 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பரிந்துரைப்படி ஒரு விலக்குக் கிடைத்தது. டிஸ்க் பகுதியைப் பழுது பார்ப்பதற்காக மட்டும் அந்தப் பூட்டைத் திறக்கலாம். ஆனால் பூட்டைத் திறக்கும் கருவியைச் செய்து பிறருக்கு விற்க அந்த விலக்கு இடம் கொடுக்கவில்லை. சமைத்துக்கொள்ளலாம், அடுப்பு மட்டும் விற்கக் கூடாது என்ற கதை!

2023 நவம்பரில் வந்த புதிய 'பிளேஸ்டேஷன் 5' பெட்டியில் டிஸ்க் பகுதியைத் தனியே வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வசதிதான். ஆனால் முதல் முறை மாட்டும்போது இன்டர்நெட் வழியாகக் கம்பெனியிடம் பதிவு செய்தாக வேண்டும். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பெட்டியும் ஒரு பரணிலிருந்து இறங்கும். அன்று டிஸ்க் பகுதி கெட்டிருந்தால், வேறொன்றை மாட்டும்போது பதில் சொல்ல அந்தப் பக்கம் யாராவது இருப்பார்களா? சேகா 2001லேயே விளையாட்டுப் பெட்டித் தொழிலை விட்டு விலகிவிட்டது. ஆனால் அது செய்த கேம் கியர், யாரிடமும் அனுமதி கேட்காமல் இன்றும் பழுது பார்க்க இடம் கொடுக்கிறது.

உலகத்தில் 2022ஆம் ஆண்டில் சேர்ந்த மின்சாதனக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன் என்று ஐ.நா. அமைப்புகள் 2024ல் கணக்குக் காட்டின. முறையாகத் திரட்டி மறுபடி பயன்படுத்த அனுப்பியது அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. பட்டாணி அளவுச் சாமானுக்காக முழுப் பெட்டியையும் அந்த மலையில் கொண்டுபோய்ப் போடுவது எந்த ஊர் நியாயம்?

விளையாட்டுப் பெட்டிக்கு விலக்கு அளித்த மாநிலங்கள் அந்த வரியை அடித்துவிட வேண்டும். திருட்டைத் தடுக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. அதைக் கொண்டு திருடனைப் பிடிக்கட்டும். கண்டென்சர் மாற்றுகிறவரை விட்டுவிடட்டும்.

குப்பை வண்டி இன்னும் வரவில்லை என்றால், அந்த அப்பா தொட்டியைத் திறந்து பெட்டியை வெளியே எடுக்கலாம். சில டாலர் செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுது. வீடு முழுக்கக் கொஞ்ச நேரம் மீன் நாற்றம். பிறகு படமும் வரும், சத்தமும் வரும். ஆனால் 6 பேட்டரியும் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் தீர்ந்துபோகும். 1990லேயே இருந்த குறை அது. எத்தனை கண்டென்சர் மாற்றினாலும் அது மட்டும் தீராது.